பெட்டிக்கு ஒரு காசோலை

வங்கியில் நான் போட்ட காசு குறைந்துகொண்டே போனது. எடுத்தது நானில்லை.

களிமண்ணில் கோப்பையும் தட்டும் செய்து, கண்ணாடிப் பூச்சுப் பூசி, சூளையில் சுட்டு விற்பது என் தொழில். செய்வதில் பெரிய கஷ்டமில்லை. செய்ததற்குரிய காசைக் குறையாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. கையால் எதையாவது செய்து விற்றுப் பிழைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சம்பளக்காரர்களுக்கு விளக்கினாலும் விளங்காது.

எழுபத்தெட்டுச் சூறாவளி என் பட்டறைக் கூரையைக் கொண்டுபோனது. கல்முனைக்குடியில் வீட்டு வளவுக்குள்ளேயே மறுபடி சூளை கட்டினேன். அந்தக் காலத்தில்தான் கொழும்பில் கைவேலைச் சாமானுக்கு மவுசு வந்தது. உல்லாசப் பயணிகள் வாங்கினார்கள். எனக்கு ஒரே மகள், ஜெஸீமா. அவளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வளவில் சுவர் எழும்பிவிட்டது. கூரை போடவில்லை. கூரைக்குரிய காசுதான் வங்கியில் கிடந்தது. அதுதான் குறைந்தது.

ஆளை நம்பும் பழக்கம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உடையுமா?

உள்ளூரில் விற்பது குறைவு. வருகிறவர்கள் கோப்பையை வாங்குமுன் விரலால் சுண்டுவார்கள். காதில் வைப்பார்கள். வெயிலுக்குப் பிடிப்பார்கள். அவர்கள் தரும் நூறு ரூபாய்த் தாளை நானும் வெயிலுக்குப் பிடிப்பேன்.

சாய்ந்தமருதுவில் இருந்து ஒரு பெண்மணி வந்தார். ஆறு கோப்பையை ஒரு மணித்தியாலம் சுண்டினார். “இது உடையுமா காக்கா?” என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். “போட்டா உடையும்.” “போடாட்டி?” “போடாட்டி உடையாது.” “அலுமினியம் போட்டாலும் உடையாதே.” “அப்ப அத வாங்குங்க.” போகவில்லை. ஆறையும் கடதாசியில் சுற்றித் தரச் சொன்னார். காசை எண்ணித் தந்தார். நான் திருப்பி எண்ணினேன். படலை வரை போனவர் நின்று யோசித்தார். திரும்பி வந்தார். “உடைஞ்சாத் திருப்பித் தருவீங்களா?” என்றார். “கோப்பையையா?” என்றேன். “உடைஞ்ச கோப்பை என்னத்துக்கு? சல்லிய.”

சாக்குக்குள் கை

சம்மாந்துறைப் பக்கத்துப் பெரிய வயல்காரர் ஒருவர், போடியார், மகளின் கலியாணத்துக்கு இருபது சஹன் கேட்டார். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. அந்த அகலத்தில் மண்தட்டுச் சுடுவது லேசில்லை. மூன்றில் ஒன்று சூளைக்குள்ளேயே வெடிக்கும். இருபது நல்ல தட்டுக் கொடுத்தேன். காசு வெள்ளாமை வெட்டிய பிறகு என்றார். வெட்டினார். வந்தது காசில்லை, நெல். அதைக் காசாக்க ஏற்றுகூலி, இறக்குகூலி, ஆலைக்காரன் நிறையில் பிடித்தது எல்லாம் போக, இருபது தட்டுக்குக் கையில் நின்றது பதினேழு தட்டின் காசு.

அது கூட மறந்துபோகும். மூட்டை இறக்கிய அன்று நடந்தது மறக்கவில்லை. மேலே நல்ல நெல், அடியில் பதர் என்று கட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துத் தோள் வரை கையை விட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. பதரும் இல்லை. போடியார் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூட்டையை நான் கட்டி முடித்த பிறகு கேட்டார். “தோள்மட்டும் கைபோட்டுப் பாத்தீங்களே காக்கா, நான் உங்கட தட்டத் தட்டியாவது பாத்தேனா?”

இரண்டு ரூபாய்

அட்டாளைச்சேனையில் இருந்து ஒரு வாத்தியார் தேநீர்க் கோப்பை எடுத்துப் போனார். மீதிக் காசை மணியோடரில் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார். இரண்டு ரூபாய் குறைவாக இருந்தது. தபால்காரர் அசனார்தான் எடுத்திருப்பார் என்று அவரைப் படலையில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். படிவத்தைக் காட்டினார். வாத்தியார் எழுதியதே அவ்வளவுதான். மணியோடர்க் கொமிசனைக் கழித்து அனுப்பியிருக்கிறார். வாங்கியது அவர், கொமிசன் எனக்கா? அன்றைக்கே ஒரு தபாலட்டை போட்டேன்.

வாத்தியாரும் விடுகிற ஆளில்லை. இரண்டு கிழமையில் அசனார் மறுபடி வந்தார். வாத்தியார் அந்த இரண்டு ரூபாயையும் மணியோடரிலேயே அனுப்பியிருந்தார். அதற்கும் கொமிசன் கழித்து ஒரு ரூபாய் ஐம்பது சதம். கையெழுத்து வைத்து வாங்கினேன். அசனாருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியாது. முதல் நாள் கேட்ட கேள்வி அப்படி. குடித்து முடித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். “மத்த அம்பது சதத்துக்கும் ஒரு கடதாசி போடுங்க காக்கா, எனக்கும் ஒரு தேத்தண்ணி கிடைக்கும்.”

வட்டி வேண்டாம்

காசை வீட்டில் வைக்கப் பயம். வங்கியில் வைக்க அதைவிடப் பயம். மனைவியின் தம்பி ஆதம்பாவா வங்கிக்கு எதிர்ப்புறம் தையல் கடை வைத்திருந்தான். அவன்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனான். கிளாக்கர் தவராசா, பெரியநீலாவணைக்காரர், படிவத்தை எடுத்தார். சேமிப்புக் கணக்கு, வருடா வருடம் வட்டி கிடைக்கும் என்றார்.

“வட்டி வேண்டாம்.”

“வேண்டாமா? சும்மா வாறதுதானே காக்கா.”

“சும்மா வாறதுதான் வேண்டாம். ஹறாம்.”

“அப்ப நடைமுறைக் கணக்குத்தான். அதில வட்டி இல்ல. ஆனா...”

“வட்டி இல்லையெண்டாக் காணும்.”

அந்த ‘ஆனா’வைச் சொல்லி முடிக்க நான் விடவில்லை. வட்டியை எப்படியாவது உள்ளே நுழைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். கொடுத்த பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்திரை மங்கலாக விழுந்திருந்தது. இன்னொன்று குத்தச் சொன்னேன். தவராசா குத்தினார். குத்திக்கொண்டே ஆதம்பாவாவைக் கேட்டார். “உங்கட மச்சான் கணக்குத் திறக்க வந்தவரா, சண்டைக்கு வந்தவரா?”

வாளிக்குள் துண்டுகள்

கொழும்பில் ஒரு கைவேலைக் கடை என் கோப்பைகளை எடுத்தது. தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து, மட்டக்களப்பு ரயிலில் ஏற்றி அனுப்புவோம். மாத முடிவில் ஒரு காசோலை வரும். கூடவே ஒரு கடிதம்: இத்தனை உடைந்தது, இவ்வளவு கழித்தோம். எந்தப் பெட்டியில் உடைந்தது என்று இராது. நான் அடுக்கிய பெட்டியில் அத்தனை உடையாது.

கொழும்புக்கே போனேன். கடை முகாமையாளரின் மேசைக்கு முன் நின்று, இனிப் பெட்டி பெட்டியாகக் கணக்கு வேண்டும், பெட்டிக்கு ஒரு காசோலை வேண்டும் என்றேன். அப்படியென்றால்தான் ஒரு பெட்டியின் உடைவை இன்னொன்றில் ஏற்ற முடியாது. மாதத்துக்கு ஆறு பெட்டி போய்க்கொண்டிருந்தது. அவர் தமிழ் கதைப்பவர், பொறுமைசாலி. உடைந்த துண்டுகளை ஒரு வாளியில் சேர்த்து வைத்திருந்ததைக் காட்டினார். வேறு யாருடைய துண்டும் கலந்திருக்கலாம் என்று, நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என்னுடையதுதான். இருந்தாலும் கேட்டதை விடவில்லை. அவர் பேனையை மூடி வைத்தார். “சரி ஐயா, பெட்டிக்கு ஒன்று. உங்களுக்குக் காசோலை எழுதவே நான் தனியா ஒரு ஆளைப் பிடிக்க வேணும் போல.”

இரண்டு கையெழுத்து

அறுகம்பையில் தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி வந்து பன்னிரண்டு தட்டு எடுத்தாள். கையில் காசு இல்லை. பயணிகள் காசோலை என்று ஒரு கடதாசி வைத்திருந்தாள். அதில் மேலே ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. என் முன்னால் கீழே இன்னொன்று போட்டாள். இரண்டும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இரண்டு தரம் கையெழுத்து வைத்தால் இரண்டும் இரண்டு விதமாக இருக்கும்.

மறுநாள் அவளைத் தேடிப் பொத்துவில் பஸ் ஏறினேன். அவள் தங்கியிருந்த இடத்துக்காரர் மொழிபெயர்த்தார். கடவுச்சீட்டோடு அவளைக் கல்முனைக்குக் கூட்டிவந்து வங்கியில் நிறுத்தினேன். பாவம், வழிநெடுக வயலையும் கடலையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் போகவர, நான் போகவர, பஸ் காசு என்னுடையது. அவளுக்கு மத்தியானச் சோறும் என்னுடையது. வங்கி எடுத்த கொமிசன் வேறு. தவராசா கடதாசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இவவ ஏன் காக்கா இழுத்து வந்தீங்க? கடவுச்சீட்டு நம்பர எழுதிக்கொண்டு வந்திருந்தாக் காணுமே.”

மோட்டார் சைக்கிள்

கணக்குத் திறந்து ஆறாம் மாதம் இருப்பைக் கேட்டேன். என் மனக்கணக்கில் இருந்ததைவிடக் குறைவு. கணக்கு அறிக்கை கேட்டேன். இங்கிலிசில் ஒரு தாள் வந்தது. இலக்கம் விளங்கியது, எழுத்து விளங்கவில்லை. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏழு நாள் பொறுத்து, அடுத்த கிழமை மறுபடி கேட்டேன். அதற்கடுத்த கிழமையும் கேட்டேன். காசோலை ஒன்றும் விழாத கிழமையிலும், நான் ஒரு சதம் எடுக்காத கிழமையிலும், முந்திய தாளைவிடக் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

அதே காலத்தில் தவராசா சைக்கிளை விட்டுவிட்டுப் புது மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வங்கிக்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அவர் யாரோடு கதைக்கிறார், எங்கே போகிறார் என்று பார்த்தேன். காலையில் மட்டும் மூன்று தேத்தண்ணி. வீட்டில் சூளை ஆறிக் கிடந்தது. ஒரு நாள் அறிக்கைக்கு நிற்கும்போது அவர் குனிந்து மெல்லச் சொன்னார். லஞ்சம் கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். “அடிக்கடி கேட்டாச் சிலவு வரும் காக்கா. மறுகா என்னைக் குறை சொல்லாதீங்க.”

மச்சான்

கொழும்புக் காசோலைகள் தபாலில் வரும். அவற்றை வங்கியில் போடுவது ஆதம்பாவா, கடை எதிரில்தானே. தவராசாவும் அவனும் அடிக்கடி சிரித்துக் கதைப்பதைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து என் கண்ணாலேயே கண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோற்றுக்கு வந்திருந்தான். வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். “ஒவ்வொரு காசோலையிலயும் உனக்கு எவ்வளவு, கிளாக்கருக்கு எவ்வளவு?”

மனைவி அகப்பையோடு நின்றாள். ஜெஸீமா எழுந்து உள்ளே போனாள். அவன் சோற்றில் இருந்து கையை எடுத்தான். கையைக் கழுவினான். தொப்பியைச் சரிசெய்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு வந்தது. மனைவியிடம் இருந்து கதை வரவில்லை. தாய்மாமன் இல்லாமல்தான் ஜெஸீமாவின் நிக்காஹ் நடக்கும் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. அன்றைக்கு வாசலைத் தாண்டும்போது அவன் சொன்னது இவ்வளவுதான். “ராத்தாட புருசனாப் போயிட்டீங்க மச்சான். இல்லாட்டி உங்கட கோப்பையெல்லாத்தையும் உங்கட தலையிலதான் உடைச்சிருப்பன்.”

கூரை எங்கே?

நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். புருசன் மௌத்தான பிறகு பன்னிரண்டு கைத்தறியைத் தனியாக ஓட்டுகிறவர். கொழும்புக்கு உடுக்கிற சாரம் நெய்து அனுப்புகிறவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புது வீட்டுக்குள் நின்று மேலே பார்த்தார். வானம் தெரிந்தது.

“கூர எங்க காக்கா?”

“ஓடும் மரமும் வாங்கச் சல்லி வங்கியில இரிக்கி.”

“மகள் வங்கியிலயா இரிக்கப் போறா?”

காசு குறைகிறது என்று சொல்ல வெட்கம். சொல்லாவிட்டால் சந்தேகம். சந்தேகம் அவருக்கு வந்தே விட்டது. சந்தேகப்படுகிற முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? “வேற எங்கயும் காணி கீணி வாங்கிப் போட்டீங்களோ? நேராச் சொல்லுங்க. என்ட மகன வேற இடத்துலயும் கேக்காங்க” என்றார். பழைய வீட்டுக்குள் ஜெஸீமா யன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை உள்ளே கூப்பிட்டேன். அலுமாரியைத் திறந்து, பூட்டி வைத்த தாளையெல்லாம் அள்ளி அவர் முன்னால் கொட்டினேன். என்னை ஒரு பார்வை, தாளை ஒரு பார்வை பார்த்தார். “இவ்வளவு கடதாசியா? எனக்குப் பத்து வருசத்துக்கும் சேத்து இவ்வளவு வரல்லையே!”

விரல் நின்ற வரி

மூக்குக்கண்ணாடியைப் போட்டார். தாளைத் தேதிப்படி அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். இங்கிலிசு தெரியுமா என்று கேட்டேன். “இங்கிலிசு தெரியாது. இந்தக் கடதாசி தெரியும்” என்றார். பத்து வருடமாக அவருக்கும் கொழும்புக் காசோலைதான் வருகிறது.

விரலை வைத்துச் சொல்லிக்கொண்டு போனார். வெளியூர்க் காசோலை ஒவ்வொன்றுக்கும் வங்கி கொமிசன் பிடிக்கும். சின்னக் காசோலை என்று விடாது. மாதத்துக்கு ஒன்று வந்திருந்தால் ஒரு கொமிசன். நான் கொழும்பு வரை போய்ச் சண்டை பிடித்து வாங்கியது பெட்டிக்கு ஒன்று, ஆறு கொமிசன். அடுத்தது, நடைமுறைக் கணக்கு. அது வட்டி தராது. கணக்கை வைத்திருப்பதற்கு எங்களிடம்தான் கூலி எடுக்கும். தவராசா ‘ஆனா’ என்று தொடங்கியது அதைத்தான். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது.

“இதென்ன, கிழமைக்கொருக்கா?”

“அறிக்கை.”

“என்னத்துக்கு?”

“ஆர் எடுக்கிற எண்டு பாக்க.”

முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒவ்வொரு அறிக்கைக்கும் வங்கி கூலி கழித்திருந்தது. கழித்ததும் காசு குறையும். குறைந்ததைப் பார்த்து நான் அடுத்த அறிக்கை கேட்பேன். அதற்கும் கழிப்பார்கள். யன்னலோரம் ஜெஸீமாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல மாதத்துக்குப் பிறகு. “நீங்க கள்ளனத் தேடின சிலவுதான் காக்கா இதுல பாதி.”

மறுநாள் காலை

மறுநாள் அவரே வங்கிக்கு வந்தார். நான் பின்னால் நின்றேன். தமிழில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்காமல் இத்தனை அறிக்கைக்கு எப்படிக் கூலி எடுத்தீர்கள் என்று முகாமையாளரைக் கேட்டார். சத்தம் போடாமல் கேட்டார். முகாமையாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறிக்கைக் கூலியில் பாதியைத் திருப்பி எழுதினார். நான் கேட்டிருந்தால் முழுவதையும் கேட்டிருப்பேன், ஒன்றும் கிடைத்திருக்காது. கணக்கைச் சேமிப்புக்கு மாற்றச் சொன்னதும் மாப்பிள்ளையின் தாய்தான். வட்டி என்று நான் வாயைத் திறந்தேன். “வரட்டும். தொடாதீங்க. வருசம் முடிய எடுத்துச் சந்தைக் கக்கூசு கட்டக் குடுங்க. நான் அப்பிடித்தான் செய்றன்” என்றார். மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். வேறொரு மௌலவியிடமும் கேட்டேன். அதே பதில்தான். கொழும்புக் கடைக்கும் மாப்பிள்ளையின் தாய் சொல்லச் சொல்ல எழுதினேன்: உடைவுக் கணக்குப் பெட்டி பெட்டியாக, காசோலை மாதத்துக்கு ஒன்று. தவராசாவின் மோட்டார் சைக்கிள் பெண் வீட்டில் கொடுத்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூரைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. வீட்டுக்கு ஓடு போடுங்கள், சமைக்கிற குசினிக்கு இப்போதைக்குத் தென்னங்கிடுகு போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. தாய்மாமன் இல்லாத கலியாணத்துக்குத் தன் மகன் வரமாட்டான். ஆதம்பாவா வீட்டுக்கு மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம்தான் கதவு திறந்தது. பிழை என்னுடையது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தான், பிளாஸ்டிக் கோப்பையில். “இது உடையாது மச்சான், பயப்பிடாமக் குடிங்க.”

பதினாலு மாதம் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டு நான் தேடிய கள்ளனை ஒரே காலைப் பொழுதில் என் வீட்டுக்குள்ளேயே பிடித்துத் தந்து, என் மகளின் தலைக்கு மேல் கூரையும் ஏற வைத்தவர், மருதமுனைத் தறிக்காரி, என் சம்பந்தி, ஆசியா உம்மா.